ஹிமேஜியில் கேட்ட குற்றாலத்து விசில்

பேயைப் பாத்தேன்னு அலறிக்கிட்டு ஓடி வந்தவங்களை நான் நிறைய பாத்திருக்கேன் தம்பி, அதுல முக்காவாசிப் பேரு வாயை ஊதிக் காட்டச் சொன்னா ஊத மாட்டேன்னுட்டாங்க, எனக்கும் பேய்க்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவுதான். குற்றாலம் மெயின் அருவியில போலீஸ் பந்தோபஸ்து பாத்தவன் நான். சீசன் தவறாம அங்கனதான் நிப்பேன். அருவிக்குள்ள இருந்து பொணத்தைத் தூக்கியிருக்கேன், மேல காட்டுக்குள்ள தேடிப் போயி தூக்கியிருக்கேன், தூக்கிட்டு வந்து கையைக் கழுவிட்டு நாலு புரோட்டாவைப் பிச்சுப் போட்டுத் தின்னுட்டு குறட்டை விட்டுத் தூங்கியிருக்கேன். ஒரு ஆவியும் என் கால்மாட்டுல வந்து உக்காந்ததில்ல. அப்படிப்பட்டவன் சொல்லுதேன்கிறதை மனசுல வச்சுக்கிட்டுக் கேளுங்க. சிரிப்பு வந்தா சிரிச்சிருங்க, என் மாப்ள சிரிச்சாரு, நான் ஒண்ணும் கோவிச்சுக்கல.

இன்னொண்ணு, இந்த மாதிரி சங்கதியெல்லாம் அமாவாசை ராத்திரியிலதான் நடக்கும்பாங்க. இது நல்ல மத்தியானத்துல, வெயிலு சுள்ளுனு அடிக்கையில நடந்துது. அதுவும் இங்கன இல்ல, ஜப்பான்ல. பாத்தியளா, இப்பவே புருவத்தைத் தூக்குதிய.

முதல்ல என் விசிலைப் பத்திச் சொல்லணும், இல்லைன்னா விஷயம் விளங்காது. மெயின் அருவியில நீங்க குளிச்சிருப்பிய, மேல ஆர்ச் ஒண்ணு கட்டியிருக்கும்லா, தண்ணி அதைத் தாண்டி விழ ஆரம்பிச்சா குளிக்கத் தடை. ஆனா ஆர்ச்சைத் தாண்டுத வரைக்கும் காத்துக்கிட்டு நின்னா நாலு பேரு போயிருவான். அதுக்கு முன்னாலயே தண்ணி சொல்லிரும். செவப்பா ஒரு கோடு மாதிரி கலங்கும், சருகும் சுள்ளியும் வந்து விழும், மண்ணு வாசம் அடிக்கும். கண்டுட்டேன்னா விசிலை எடுத்துருவேன். கூட்டத்தை நகட்டுததுக்கு எல்லாரும் பீப் பீப்னுதான் ஊதுவாங்க, நானும் அப்படித்தான், ஆனா வெள்ளத்துக்கு மட்டும் எனக்குன்னு ஒரு ஊத்து உண்டு. மூச்சைப் பிடிச்சு நீளமா ஒண்ணு, ஊதி முடிச்ச உடனே குட்டி குட்டியா மூணு. பீ..........ப், பிப் பிப் பிப். யாரும் சொல்லிக் குடுத்ததில்ல, நானா வச்சுக்கிட்டது. அந்தச் சத்தம் கேட்டா சிப்ஸ் கடைக்காரன் பலகையைத் தூக்குவான், எண்ணெய் தேய்ச்சு விடுதவங்க பாட்டிலை மூடுவாங்க. அருவி எவ்வளவு இரைஞ்சாலும் என் விசிலு கேக்கும், அதுல எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமே உண்டு.

எனக்குக் கீழ காதர்னு ஒருத்தன் வேலை பாத்தான், கடையநல்லூர்க்காரன், நல்ல பய. அவன் ஒருத்தனுக்குத்தான் அந்த ஊத்தைக் கத்துக் குடுத்தேன். நான் ரிட்டயர்டு ஆன அன்னைக்கு மாலையெல்லாம் போட்டு மேலகரத்துல என் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டாங்க, அப்போ விசிலைக் கயிறோட கழட்டி அவன் கையில வச்சு, "ஏலே காதர், இது சும்மா தொங்கக்கூடாது கேட்டியா"ன்னேன். அவன் கண்ணு கலங்கிட்டு. எனக்கும்தான், ஆனா நான் காட்டிக்கல.

ஆக விசிலு காதர்கிட்ட, காதர் குற்றாலத்துல. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

எங்க மக கோமதி புருஷனோட ஹிமேஜின்னு ஒரு ஊர்ல இருக்கா. மாப்ளைக்கு அங்கன ஒரு கம்பெனியில மிஷின் டிசைன் பண்ணுத வேலை. பேத்தி யாழினி அங்கனயே பள்ளிக்கூடம் போகுதா, என்கிட்ட திருநெல்வேலித் தமிழும் தெருப்பிள்ளைகள்கிட்ட ஜப்பானுமா பேசுவா. ஆடி மாசம் அவளுக்கு லீவு, வாங்க வாங்கன்னு டிக்கெட் போட்டுட்டாங்க. எனக்குப் போக மனசே இல்ல தம்பி. ஆடியில சாரலை விட்டுட்டு எவனாவது ஊரைத் தாண்டுவானா? ஆனா எங்க வீட்டம்மா சொர்ணம் புளியங்குடியில எலுமிச்சை வாங்கி ஊறுகா போட்டு டப்பாவுல அடைக்க ஆரம்பிச்சுட்டா, அதுக்கு மேல நான் பேச முடியுமா.

அந்த ஊரைப் பத்திச் சொல்லணும்னா, ரயில்வே ஸ்டேஷனை விட்டு வெளிய வந்தா நேரா ஒரு அகல ரோடு, ரோட்டு முடிவுல வெள்ளை வெளேர்னு ஒரு கோட்டை. தென்காசியில எங்கன நின்னாலும் கோயில் கோபுரம் தெரியும்லா, அங்கன அந்தக் கோட்டை. மறுநாளே கூட்டிட்டுப் போனாங்க. செருப்பைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டு உள்ள போகணும், அது எனக்குப் பிடிச்சுது. மாடிப்படி ஒவ்வொண்ணும் ஏணி மாதிரி செங்குத்தா இருக்கு, சொர்ணம் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு கட்டினவனைத் திட்டிக்கிட்டே ஏறினா. எனக்கு என்ன ஆச்சரியம்னா, வாசல்ல இருந்து கோட்டைக்குப் போற பாதை. நேரா போகாது. இப்படி மடக்கி, அப்படி மடக்கி, கோட்டை பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கும், போனா சுவரு. எதிரி வந்தா வழி தெரியாம முழிக்கணும்னு கட்டினதாம். கூட்டத்தை எப்படி மடக்கி விடணும்னு அந்த ராஜாவுக்குத் தெரிஞ்சிருக்கு, நம்ம ஊர் சீசன் பந்தோபஸ்துக்கு அந்த ஆளு இருந்தா எப்படி இருந்திருக்கும்னு மாப்ளகிட்ட சொன்னேன். கோட்டைக்குள்ள ஒரு கிணறு இருக்கு, அதுல பேய் இருக்குன்னு எல்லாரும் எட்டி எட்டிப் பாத்தாங்க. நானும் பாத்தேன். கிணறுதான் இருந்துது.

கூரையில பாத்தா மீனு மாதிரி ஒண்ணு வாலைத் தூக்கிக்கிட்டு நிக்கு. என்னன்னு கேட்டா, தீப்பிடிச்சா அது வாயில இருந்து தண்ணி வருமுங்கிற நம்பிக்கையாம். கோட்டைக்குள்ள பூராவும் மரம்லா, அந்தக் காலத்துல ஊரும் மரம்தான், அதனால அவங்களுக்குத் தீன்னா அப்படி ஒரு பயம். நமக்கு வெள்ளம் எப்படியோ அவங்களுக்குத் தீ அப்படி. நான் மனசுக்குள்ள சரி, நம்ம சாதி ஆளுங்கதான்னு நினைச்சுக்கிட்டேன். போலீசுன்னு சொன்னேன், வேற நினைக்காதிய.

எதித்த வீட்டுல மோரின்னு ஒரு பெரியவரு. எனக்கு மூத்தவரு, எலும்பா இருப்பாரு, நிமிந்து நடப்பாரு. நான் மோரி அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவேன், அவரும் என்னைய ஏதோ சொல்லுவாரு, யாழினி நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் மாத்திச் சொல்லுவா. அவரு வேலை என்னன்னா, பொழுது சாயுத நேரத்துல தெருவைச் சுத்தி வாறது. கையில ரெண்டு கட்டை, நம்ம பஜனையில தட்டுத சப்ளாக்கட்டை மாதிரி, ஆனா சலங்கை கிடையாது, கயிறு போட்டு ரெண்டையும் சேத்துக் கட்டிக் கழுத்துல தொங்கும். டக் டக்னு தட்டிக்கிட்டு "ஹி நோ யோ...ஜின்" அப்படின்னு ராகம் போட்டுக் கூவுவாரு. தீயைப் பாத்து இருங்கன்னு அர்த்தமாம். அவங்க அப்பா காலத்துல சண்டையில குண்டு விழுந்து ஊரே எரிஞ்சுபோச்சாம், கோட்டை மட்டும் நின்னுச்சாம், அப்பாவும் இதே கட்டையைத் தட்டினவராம். லீவு நாள்ல தெருப்பிள்ளைக எல்லாம் அவரு பின்னால வரிசையா வரும், கட்டை தட்டுத சத்தம் கேட்டாப் போதும், விளையாட்டை விட்டுட்டு ஓடி வந்து ஒண்ணு பின்னால ஒண்ணா நின்னுக்கிடும், அவரு கூவினா அதுகளும் கூவும். நானும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு கடைசியில போவேன்.

நான் சும்மா இருக்காம, "அண்ணாச்சி, இந்த டக் டக்குக்கு எங்க ஊர்ல ஈ கூட நகராது, எங்க அருவிக்கெல்லாம் விசிலுதான்"னு சொல்லி, ரெண்டு விரலை வாயில வச்சு அந்த ஊத்தை ஊதிக் காட்டினேன். தெருவுல நாலு ஜன்னல் திறந்துட்டு. கோமதி ஓடி வந்து, "யப்பா, இங்கன சத்தம் போடக்கூடாதுப்பா, மானம் போகுது"ங்கா. மோரி அண்ணாச்சி மட்டும் சிரிக்கல. இன்னொரு தடவை ஊதச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டாரு. அப்புறம் தலையை ஆட்டிட்டு, சத்தம் எவ்வளவுங்கிறது பெருசில்ல, யாருக்குக் கேக்கணுமோ அவங்களுக்குக் கேக்கும்னாரு. பெரிய மனுசன் ஏதோ சொல்லுதாருன்னு விட்டுட்டேன்.

அந்த வாரம் கட்டையை வச்சுக்கிடுத முறை யாழினிக்கு வந்துது. பிள்ளைகளுக்கு முறை போட்டு ஒவ்வொரு வாரம் ஒவ்வொருத்தர் வீட்டுல இருக்கும். அவளுக்குத் தலைகால் புரியல, கழுத்துல போட்டுக்கிட்டுத்தான் சோறே தின்னா.

ஞாயித்துக்கிழமை தெருக்காரங்க நாலஞ்சு குடும்பம் சேந்து ஆத்துக்குப் போனோம். ஊருக்கு வடக்க, காருல கொஞ்ச தூரம் போனா மலை, மலையை ஒட்டி ஆறு. மோரி அண்ணாச்சி வரல, முடியலைன்னு வீட்டுல இருந்துட்டாரு. ஆத்துல தண்ணி கணுக்காலுக்கு ஓடுது, கண்ணாடி மாதிரி, அடியில கூழாங்கல்லு தெரியுது. நடுவுல திட்டா ஒரு மேடு, பிள்ளைக எல்லாம் அதுல ஏறிக்கிட்டு ஆட்டம் போடுதுக. ஆம்பளையாளுங்க ஆத்துக்குள்ளயே ஒரு ஓரமா அடுப்பு வச்சுக் கறி சுடுதாங்க, மாப்ள விசிறிக்கிட்டு இருக்காரு. சொர்ணம் எலுமிச்சஞ் சோறு கிண்டி எவர்சில்வர் தூக்குல கொண்டாந்திருந்தா, ஜப்பான்காரப் பொம்பளைக ருசி பாத்துட்டு கண்ணை விரிச்சாங்க, இவளுக்குப் பெருமை தாங்கல.

இப்போ என் புத்தியைக் கேளுங்க. வடக்க மலை உச்சியில கருப்பா இறங்கியிருக்கு. எங்க தலைக்கு மேல வெயிலு. நான் அதைப் பாத்தேன், பாக்காம இல்ல. பாத்துட்டு என்ன செஞ்சேன் தெரியுமா, சந்தோசப்பட்டேன். "ஏட்டி சொர்ணம், அங்க பாரு, நம்ம மலை மாதிரியே கருக்குது, சாரல் வரப்போகுது"ன்னேன். அவளும், "ஆமாங்க, குளுகுளுன்னு வருது"ங்கா. மலை கருத்தா நமக்கு மனசு குளுந்துருமே, பிறந்ததுல இருந்து அப்படித்தானே. அருவியில யூனிபார்ம் போட்டு நின்னிருந்தா சந்தேகப்பட்டிருப்பேன். அங்கன நான் பேத்தியோட தாத்தா, கையில சோத்துத் தட்டு.

யாழினி தண்ணியில இறங்குததுக்கு முன்னால கட்டை நனைஞ்சிரும்னு கழட்டி என் பக்கத்துல பாயில வச்சுட்டுப் போனா. "தாத்தா, பத்திரமாப் பாத்துக்கோ, மோரி தாத்தா ஏசுவாக"ன்னா. சரிட்டின்னேன். ரெண்டாவது கவளம் வாய்க்குக் கொண்டு போறேன்.

பீ..........ப். பிப் பிப் பிப்.

தம்பி, நம்பினா நம்புங்க நம்பாட்டி போங்க, அது என் விசிலு. மேல மலைப்பக்கம் இருந்து வந்துது, ஆத்து வழியா வந்துது. மாப்ள பின்னால சொன்னாரு, அங்க பருந்து ஒண்ணு விசிலடிக்கிற மாதிரியே கத்தும் மாமா, அதைத்தான் கேட்டிருப்பியன்னு. நானும் அந்தப் பருந்தைக் கேட்டிருக்கேன், கேக்காம இல்ல. எந்தப் பருந்துய்யா நீளமா ஒண்ணு ஊதி நிறுத்தி, குட்டி குட்டியா மூணு ஊதும்? அதுவும் அந்த விசிலோட உருண்டை கொஞ்சம் தேஞ்சது, நீள ஊத்துல கடைசியில ஒரு கரகரப்பு வரும், அது வரைக்கும் கேட்டேன். பெத்த பிள்ளை அழுதா தாய்க்குத் தெரியாதா?

நான் யோசிக்கவே இல்ல. காலு எந்திரிச்சுட்டு. தட்டு எங்கன போச்சுன்னு தெரியல, ஆத்துக்குள்ள இறங்கி ஓடுதேன், "ஏறு! ஏறு! வெளிய வா! ஏய், எல்லாரும் கரையேறு!"ன்னு தொண்டை கிழியக் கத்துதேன். வாயில வாறது பூராவும் தமிழு. யாருக்கு என்ன விளங்கும்? ஜப்பான்காரங்க மரியாதையா சிரிக்காங்க. பிள்ளைக தாத்தா விளையாட வாறாருன்னு என் மேல தண்ணியை அள்ளி எறியுதுக. மாப்ள ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு, "மாமா, என்ன ஆச்சு, வெயிலு ஒத்துக்கலையா, நிழல்ல உக்காருங்க"ங்காரு. நான் தண்ணியைப் பாக்கேன். தெளிவா ஓடுது. ஒரு சருகு இல்ல, ஒரு கலங்கல் இல்ல. சத்தியமாச் சொல்லுதேன், அந்த நேரத்துல எனக்கே என் மேல சந்தேகம் வந்துட்டு, கிழவனுக்குக் கிறுக்குப் பிடிச்சுட்டோன்னு.

மறுபடியும் கேட்டுது. பீ..........ப். பிப் பிப் பிப்.

மாப்ள கையை உதறிட்டுக் கரைக்கு ஓடினேன், பாயில கிடந்த கட்டையை எடுத்தேன். ஏன் எடுத்தேன்னு இப்பவும் தெரியல. விசிலு இருந்தா விசிலைத்தான் எடுத்திருப்பேன். எடுத்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி, டக்! டக்! அடிச்சு, எனக்குத் தெரிஞ்ச ஒரே ஒரு ஜப்பான் வார்த்தையைக் கூவினேன். "ஹி நோ யோ...ஜின்!"

ஆத்தங்கரையில நின்னுக்கிட்டு, தீயைப் பாத்து இருங்கன்னு கூவுதேன். எப்படி இருக்கு?

பெரியவங்க எல்லாம் கொல்லுனு சிரிச்சாங்க. ஆனா பிள்ளைக சிரிக்கல தம்பி. பிள்ளைக ஆட்டத்தை நிறுத்திட்டு, திட்டை விட்டு இறங்கி, மடமடன்னு வந்து என் பின்னால ஒண்ணு பின்னால ஒண்ணா நின்னுட்டுதுக. யாழினி முதல்ல, அவ பின்னால மத்ததுக. தெருவுல மோரி அண்ணாச்சி பின்னால நிப்பாங்கள்லா, அதே வரிசை. நான் திரும்பிப் பாக்காம தட்டிக்கிட்டே ரோட்டுக்குப் போற படியில ஏறுதேன், டக் டக், ஹி நோ யோஜின், பின்னால அதுகளும் கூவிக்கிட்டே ஏறுதுக. பிள்ளைக போனா தாய்மாரு நிப்பாங்களா, செல்போன்ல படம் எடுத்துக்கிட்டே அவங்களும் ஏறினாங்க. ஆம்பளைங்களும் இந்தியாக்காரத் தாத்தா கூத்தைப் பாக்கணும்னு கறியை அடுப்புலயே விட்டுட்டு வந்தாங்க. கடைசியில மாப்ள, தலையில அடிச்சுக்கிட்டு.

மேல ரோட்டுல கால் வச்சுத் திரும்பினேன். மண்ணு வாசம் அடிச்சுது.

அதுக்கப்புறம் வந்ததை நான் சொல்லணுமா? வளைவுல இருந்து செவப்பா, மரக்கிளையும் மூங்கிலுமாச் சுருட்டிக்கிட்டு வந்துது பாருங்க. பிள்ளைக நின்ன திட்டைக் காணோம். அடுப்பு, பாயி, குடை, நாற்காலி எல்லாத்தையும் ஒரே வாரா வாரிக்கிட்டுப் போயிட்டு. மாப்ள யாழினியைத் தூக்கி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ரோட்டுலயே உக்காந்துட்டாரு. சொர்ணம்தான் முதல்ல பேசினா. "ஏங்க, என் தூக்குச்சட்டி போயிட்டு"ன்னா. அன்னைக்கு மொத்த நஷ்டம் அதுதான் தம்பி. ஒரு உசுரு போகல. ஒரு பிள்ளைக்கு ஒரு சிராய்ப்பு கிடையாது.

ஊருக்குத் திரும்பினா தெருவே வாசல்ல நிக்கு. இடுப்பு வளைய வளைய எனக்குக் கும்பிடு போடுதாங்க, நான் பதிலுக்குப் போட்டுப் போட்டு முதுகு பிடிச்சுட்டு. ஒரு அம்மா புதுசா ஒரு தூக்குச்சட்டி வாங்கிக் கொண்டாந்து சொர்ணம் கையில குடுத்துட்டு அழுதா, இவளும் பாஷை தெரியாம சேந்து அழுதா. அன்னைக்குச் சாயங்காலம் சுத்து வந்தப்போ மோரி அண்ணாச்சி என்னைய முன்னால விட்டுட்டாரு. நான் பட்டுக்கரை வேட்டி கட்டிக்கிட்டு முன்னால தட்டிக்கிட்டுப் போறேன், பின்னால பிள்ளைக, அதுக்குப் பின்னால தாய் தகப்பன்மாரு, கடைசியில மோரி அண்ணாச்சி. தெரு முக்குல திரும்பினா கோட்டை விளக்கு வெளிச்சத்துல வெள்ளையா நிக்கு. என் சர்வீஸ்ல மெடல் வாங்கினப்போ கூட நெஞ்சு அப்படி விம்மல. அந்த நிமிஷம் நான் ராஜா, ஒளிக்காமச் சொல்லுதேன்.

சுத்தி முடிச்சு வீட்டுக்குள்ள நுழையுதேன், காதர் போன் பண்ணுதான். எனக்கு அவன்கிட்ட சொல்ல வாய் துறுதுறுங்குது, ஆனா அவன் என்னைய பேசவே விடல.

"ஏட்டையா, இன்னைக்கு உங்க பேரைக் காப்பாத்திட்டேன். மெயின் அருவியில ஒரு உசுரு போகல."

"என்னலே நடந்துது, நிதானமாச் சொல்லு."

"பதினோரு மணி இருக்கும் ஏட்டையா. தண்ணி நல்லாத்தான் விழுது, கூட்டம்னா கூட்டம், கால் வைக்க இடமில்ல. திடீர்னு டக் டக்னு ஒரு சத்தம். கட்டையை வச்சுக் கட்டையில அடிக்கிற மாதிரி. அருவிச் சத்தத்தையும் மீறிக் கேக்கு. பாறைதான் பிளக்குதோன்னு மேல பாக்கேன், ஒண்ணுமில்ல. குளிச்சிக்கிட்டு இருந்த சனம் அம்புட்டும் தலையைத் திருப்பிச்சு. திருப்பிட்டு, வெளிய வந்துது ஏட்டையா."

"ஓடி வந்தாங்களா?"

"ஓடி வந்தா நான் ஏன் பயப்படப் போறேன்? வரிசையில வந்தாங்க. ஒருத்தன் பின்னால ஒருத்தன்."

நம்ம சனம் என்னைக்குத் தம்பி அருவியை விட்டு வரிசையில வந்திருக்கு? லத்தியைத் தூக்கினாலும் "இன்னும் ஒரு நிமிஷம் சார்"ம்பான்.

காதர் சொல்லுதான், "அதைப் பாத்த உடனே என்னமோ சரியில்லைன்னு விசிலை எடுத்து உங்க ஊத்தை ஊதினேன். ஊதுதேன், ஒருத்தன் ரெண்டு பேரு உள்ள நிக்கான், மறுபடியும் ஊதினேன், அவனும் வந்துட்டான். வந்தானோ இல்லையோ செக்கச்செவேல்னு இறங்கிட்டு, ஆர்ச்சே தெரியல."

நம்ம ஊருக்கும் அவங்க ஊருக்கும் மூணரை மணி நேரம் வித்தியாசம். இங்க பதினொண்ணுன்னா அங்க ரெண்டரை. நான் தட்டை வச்சுக்கிட்டு உக்காந்திருந்த நேரம். காதர் ரெண்டு தடவை ஊதியிருக்கான், நான் ரெண்டு தடவை கேட்டேன்.

சரி, எப்படியோ அவன் விசிலு எனக்குக் கேட்டுட்டுன்னே வச்சுக்கிடுவோம். என் கட்டைச் சத்தம் அவனுக்குக் கேட்டுட்டுன்னும் வச்சுக்கிடுவோம். மாப்ள மாதிரி இஞ்சினியருங்க அதுக்கும் ஏதாவது சொல்லுவாங்க. ஆனா ஒண்ணு இடிக்கி பாருங்க. நான் கட்டையைத் தொட்டதே அவன் விசிலைக் கேட்ட பிறகுதான், ரெண்டாவது ஊத்துக்கு அப்புறந்தான் எடுத்தேன். அவன் விசிலை எடுத்ததே கட்டைச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான். அவன் ஊதாம நான் தட்டல, நான் தட்டாம அவன் ஊதல. அப்போ முதல்ல ஆரம்பிச்சது யாரு? இதை நான் மோரி அண்ணாச்சிகிட்ட யாழினியை வச்சுக் கேட்டேன். அவரு ஆச்சரியமே படல. கட்டையைத் துடைச்சு, துணியில சுத்தி, ரெண்டு கையாலயும் என் கையில வச்சாரு, இது இனிமே உங்க ஊருக்குன்னாரு. அவ்வளவுதான்.

இப்போ அது மேலகரத்துல எங்க வீட்டு அலமாரியில இருக்கு. யாழினி வீடியோ கால்ல, "தட்டு தாத்தா, தட்டு தாத்தா"ம்பா. நான் தட்டுததில்ல. எங்க எந்தத் தண்ணியில எவன் நிக்கானோ, சும்மா விளையாட்டுக்குத் தட்டக்கூடாதுல்லா. மத்தபடி எனக்குப் பயம் ஒண்ணும் கிடையாது, ரெண்டு ஊரு வெள்ளத்தை ஒரே நேரத்துல ஜெயிச்சவன்யா நான். இதை நான் சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டுத்தான் இருப்பேன், நம்புதவன் நம்பட்டும்.

ஆனா ஊருக்கு வந்த பிறகு காதர் ஒரு வீடியோ காட்டினான். அன்னைக்கு மெயின் அருவியில எவனோ வெளியூர்க்காரன் செல்போன்ல எடுத்தது, குரூப்பு குரூப்பாச் சுத்தியிருக்கு. அதுல கட்டைச் சத்தம் கேக்கல, அருவி இரைச்சல்தான். ஆனா சனம் தலையைத் திருப்புதது தெரியுது. அம்புட்டுப் பேரும் ஒரே நேரத்துல, ஒரே இடத்தைப் பாக்காங்க. எந்த இடம்னா, கைப்பிடிக் கம்பி பக்கம் ஒரு மேடு இருக்கும்லா, சர்வீஸ் பூராவும் நான் விசிலோட நின்னேனே, அந்த இடம். அங்கன யாருமில்ல. காலியாக் கிடக்கு.

அந்தக் கூட்டத்துல ஒருத்தன் தோள்ல கைப்பிள்ளை ஒண்ணு உக்காந்திருக்கு, பேச்சு வந்திருக்காது, அவ்வளவு சின்னது. அது மட்டும் சிரிச்சுக்கிட்டு அந்தக் காலி இடத்தையே பாக்கு. பாத்துட்டு, ரெண்டு கையையும் முஷ்டியா மடக்கி, கட்டை தட்டுத மாதிரி ஒண்ணோட ஒண்ணு மோதுது. நிறுத்தி, மறுபடியும் அங்கன பாக்கு. அதே மாதிரி தட்டுது.